டேங்க் மூடியில் ஒரு பொட்டு

முசியே,

உங்கள் வண்டியின் பெட்ரோல் டேங்க் மூடி இப்போது என் கடை மேசைமேல் இருக்கிறது. ரசீதுப் புத்தகத்துக்கும் சந்தனப் பாக்கெட்டுக்கும் நடுவில், ஒரு பழைய துணியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான், ஆனால் கடை முழுக்க பெட்ரோல் நெடி. காலையில் குண்டான் எடுக்க வந்த சமையல்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னாம்மா, கடையிலயே பங்க் வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. உயிரோடு இருப்பவர்களுக்கே நான் எழுதியதில்லை. ஃபோன் எதற்கு இருக்கிறது? ஆனால் உங்களைப் பற்றி நாலு பேர் முன்னால் நான் ஒன்று சொன்னேன். அது தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. கொடுத்த சரக்கில் குறை இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வது என் கடை வழக்கம். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் வந்தது நாற்காலி இறக்கத்தான். பாண்டியில் உப்பளம் பகுதி. சர்ச்சில் புதுநன்மை வாங்கிய உங்கள் அண்ணன் பேத்திக்கு விருந்து. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு அண்டாவும் வைத்துத் தொடங்கிய என் வாடகைக் கடை, அப்போதுதான் சாரம் பகுதியில் சொந்தமாக ஒரு குடோன் பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தது. கொல்லையில் நாற்காலிகளை அடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினால், தகரக் கொட்டகைக்குள் வெளிர் நீலத்தில் ஒரு பிக்கப் வண்டி. முகப்பு விளக்குகள் இரண்டும் முட்டைக் கண் மாதிரி இருந்தன. பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. உங்கள் அப்பா ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது என்று பிறகு சொன்னீர்கள். நீங்களும் அப்பாவைப் போலவே சொல்தாவாகப் போய், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இடது காதைப் பாதி கொடுத்துவிட்டு, பென்ஷனோடு வந்து அந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் ஏதோ ஒரு சின்னப் பித்தளைச் சாமான். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கல்யாணத்துக்கு முன்னால் படம் பிடிக்க ஜோடி ஜோடியாக ஒயிட் டவுனுக்கு வருகிறார்கள். மஞ்சள் சுவருக்கு முன்னால் நிற்க ஒரு நீல வண்டி கிடைத்தால் விடுவார்களா?

"முசியே, இத வாடகைக்கு விடறீங்களா?"

"இது வண்டி இல்லம்மா. குடும்பத்துல ஒரு ஆளு."

"குடும்பத்துல ஒரு ஆளுன்னா வேலைக்குப் போவ வேணாமா? நீங்களாவது பென்ஷன் வாங்கறீங்க. இது சும்மா ஒக்காந்து தின்னுது."

நீங்கள் சிரித்தீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு மொதலாளியம்மா. எனக்கு நீங்கள், பிரெஞ்சு மரியாதைப்படி, முசியேதான். வண்டியை நீங்கள்தான் ஓட்டுவது, வேறு யாரும் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆள் பிடிப்பது, நேரம் சொல்வது, மாலை கட்டுவது என் பொறுப்பு. முதல் வருஷம் நன்றாகவே ஓடியது.

அந்த வருஷ ஆயுத பூஜையை நான் இப்போது நிறைய நினைக்கிறேன்.

வாடகைப் பாத்திரத் தொழிலில் முதலில் தொலைவது மூடிதான். அண்டா தொலையாது, அதைத் தூக்கிக்கொண்டு எவன் ஓடுவான்? மூடியை மாற்றிப் போடுவான், மேலே கல்லை வைத்து நெளிப்பான், மறந்துவிட்டுப் போவான். மூடியில்லாத அண்டாவை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? அதனால் ஆயுத பூஜையில் நான் பொட்டு வைப்பது முதலில் மூடிகளுக்குத்தான். ஒவ்வொரு மூடியையும் கவிழ்த்து, நடுவில் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமம். பாத்திரம் அப்புறம். வேறு எந்தக் கடையிலும் இப்படிச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். சந்தனம் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். வரவேற்பு மேசைக்கு மொத்தமாக வாங்கும் பாக்கெட் பொடி. அதில் சந்தனம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று நான் ஆராய்ந்ததில்லை. காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி இறுகும், அது மட்டும் தெரியும்.

அன்று உங்கள் வண்டியும் குடோன் வாசலில் நின்றது. பானெட்டுக்கு வைத்தேன், ஸ்டீயரிங்குக்கு வைத்தேன், நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். அப்புறம் பக்கவாட்டில் டேங்க் மூடி கண்ணில் பட்டது. மூடி ஆயிற்றே, விடுவேனா? நல்ல கனமாகவே வைத்து அழுத்தினேன்.

"எங்க அப்பா இதுக்கு சர்ச் சாமியாரக் கூப்ட்டு தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுட்டாரு மொதலாளியம்மா. நீங்க வேற பொட்டு வெக்கறீங்க. வண்டி எந்தப் பக்கம் போவும்?"

"வாடகைக்கு எந்தப் பக்கம் கூப்புடறாங்களோ அந்தப் பக்கம் போவும்."

அடுத்த நாள் நீங்கள் வண்டி முழுக்கத் துடைத்தீர்கள். நிக்கல் போட்ட சாமான் எல்லாம் பளபளக்க வேண்டும் உங்களுக்கு. அந்த மூடியையும் பாலிஷ் போட்டுத் தேய்த்திருப்பீர்கள். மேலே இருந்த சந்தனம் போயிருக்கும்.

கோளாறு உடனே வரவில்லை. ஒயிட் டவுனுக்குள் நாலு தெரு போவதும் நிற்பதுமாக ஐப்பசி போய்விட்டது. தை பிறந்த பிறகு வில்லியனூர்ப் பக்கம் ஒரு சவாரி. இருபது நிமிஷம் ஓடிய பிறகு இழுவை குறைந்து, முக்கி, இருமி, நின்றதாம். நீங்களே வந்து சொன்னீர்கள். ஜெட்டில் தூசு, ஊதிவிட்டேன், சரியாகிவிட்டது என்றீர்கள். ஜெட் என்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும், நான் முதல் நாள் பார்த்த பித்தளைச் சாமான்தான். அதன் மயிரிழைத் துளை வழியாகத்தான் பெட்ரோல் என்ஜினுக்குள் போகிறது என்று காட்டினீர்கள். "இதுக்குள்ள கம்பி விடவே கூடாது. வாயால ஊதணும். கம்பி விட்டா தொள பெருசாயிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் சரி வராது." இதை நீங்கள் எத்தனை முறை சொன்னீர்கள் என்று கணக்கே இல்லை. கார்புரேட்டர் என்ற சொல் வந்தாலே அடுத்து இது வந்துவிடும்.

அதன் பிறகு தூரமாகப் போனாலே நின்றது. வெயிலில் பெட்ரோல் ஆவியாகிறதோ என்று பம்பின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றினீர்கள். நின்றது. இப்போது வரும் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும் என்று குழாய்களை எல்லாம் மாற்றினீர்கள். அப்போதும் நின்றது. கார்புரேட்டருக்குள் மிதவை ஏறி இறங்கும் அளவைச் சரி செய்தீர்கள், ஃபில்டரைப் புதிதாகப் போட்டீர்கள். பம்புக் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றி, பெட்ரோல் பீய்ச்சி அடிப்பதை எனக்குக் காட்டினீர்கள். "பாருங்க, பம்பு யானையாட்டம் இருக்குது." ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவீர்கள். இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாதாம். எனக்கு அந்தப் பொறுமை புரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றித் தொலைத்தால் என்ன என்றுதான் கேட்டேன்.

ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னது மட்டும் இப்போது முள் மாதிரி நிற்கிறது.

"கார்ப்ரேட்டர் சரியா இருக்குது. பம்பு சரியா இருக்குது. ஆனா பெட்ரோல் வரல. பின்னால யாரோ இழுத்துப் பிடிச்சிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்குது."

"பேயா?"

"இருக்கலாம். பிரெஞ்சுப் பேய். வேலைநிறுத்தம் பண்ணுது."

இருவரும் சிரித்தோம். மறு ஆயுத பூஜைக்கு, திருஷ்டியாக இருக்குமோ என்று நான் பூசணிக்காய் உடைத்தேன். கோளாறு அதிகமான வருஷம் என்பதால் மூடிக்குச் சந்தனமும் அதிகமாகவே வைத்தேன்.

இனிக் கனகசெட்டிக்குளத்துக் கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்ல வேண்டும்.

மாசி மாதம். பாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் கடற்கரை விடுதியில் கல்யாணம். அதற்கு முந்தைய சாயங்காலம் படப்பிடிப்பு. முன்சீட்டில் நீங்கள், மாப்பிள்ளை, பெண். பின்னால் என் வேனில் நானும் போட்டோகிராபர் சேகரும். அதற்குப் பின்னால் பெண் வீட்டார் இரண்டு கார்களில். சூரியன் இறங்குவதற்குள் கடற்கரையில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று சேகர் என்னை நச்சரித்துக்கொண்டே வந்தான். எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது உங்கள் வண்டி இரண்டு முறை குலுங்கி ஓரமாக நின்றது.

நீங்கள் இறங்கினீர்கள். எப்போதும் செய்வதைச் செய்தீர்கள். வண்டியில் பெட்ரோல் முள் செத்துப்போய்ப் பல வருஷம், அது எப்போதும் பாதியிலேயே படுத்திருக்கும். அதனால் சீட்டுக்கு அடியிலிருந்து அளவு வெட்டிய மூங்கில் குச்சியை எடுத்து, டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே விட்டுப் பார்த்தீர்கள். பிறகு மூடியைத் திருகிவிட்டு பானெட்டைத் தூக்கினீர்கள்.

பெண்ணின் தாய்மாமன் காரிலிருந்து இறங்கி வந்தார். நல்ல உயரம், நல்ல குரல்.

"இன்னா சார், பாண்டியில பெட்ரோல் சீப்புன்னு ஊரே வந்து ரொப்பிக்கினு போவுது. உங்க வண்டியில ஊத்த மட்டும் மறந்துட்டீங்களா?"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பெண் இறங்கும்போது முந்தானை கதவில் மாட்டிக் கிழிந்தது. நான் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, கிழிசல் தெரியாமல் மடித்துக் குத்திவிட்டேன். என் வளையலில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்கு இருக்கும். சாமியானா கிழிந்தால், மாலை நழுவினால், ரசீது பறந்தால் எல்லாவற்றுக்கும் அதுதான். "உங்க வியாபாரமே ஊக்குல நிக்குது" என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

நீங்கள் ஜெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். "பத்து நிமிஷம், மொதலாளியம்மா." வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சேகர் கடிகாரத்தைப் பார்த்தான், தாய்மாமன் என்னைப் பார்த்தார். அந்த ஒரு சீசனில் நான் பிடித்ததிலேயே பெரிய கல்யாணம் அது.

நான் கத்தினேன். மெதுவாகச் சொல்லவில்லை, கத்தினேன்.

"நோண்டி நோண்டியே கெடுத்துட்டீங்க! நல்லா இருந்த கார்ப்ரேட்டரு. கழட்டாத நாளே கெடையாது. ஒரு தொளையில கம்பிய விட்டுப் பெருசாக்கிட்டு, இன்னைக்கு ஊதுறேன் ஊதுறேன்னு நிக்கறீங்க. ஒங்க கைதான் முசியே இந்த வண்டிக்கு வியாதி!"

கம்பி விட்டீர்கள் என்று நான் எப்போது பார்த்தேன்? பார்க்கவே இல்லை. கம்பி விடக்கூடாது என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, எங்கே அடித்தால் வலிக்கும் என்பதை எனக்கே கற்றுக்கொடுத்திருந்தீர்கள். வியாபாரத்தில் இருப்பவளுக்கு அந்த இடம் தானாகவே தெரியும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். படம் கடற்கரையில் படகுக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். நன்றாகத்தான் வந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தீர்கள். டீ சொன்னேன். இரண்டு வாய் குடித்த பிறகு, "கமியோனெத்த மூடி வெச்சுட்டேன். இனிமே கை வெக்கறதில்ல" என்றீர்கள். வண்டியைப் பிரெஞ்சில் சொல்வது, நீங்கள் அதைப் பிரியமாகப் பேசும்போது மட்டும்தான்.

நான் சொன்னது ஒரே ஒரு சொல். "நல்லது."

அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தீர்கள். பேசிக்கொண்டுதான் இருந்தோம். மழை, உங்கள் மகள், மருந்து, பிரான்சு தேர்தல். வண்டியைத் தவிர எல்லாம். ஆனால் சேகர் கல்யாணம் கல்யாணமாகப் போகிறவன். நான் சொன்னதை நடித்துக் காட்டுவான், என் குரல் அவனுக்கு நன்றாக வரும். பழைய ஸ்கூட்டரும் ஜீப்பும் வைத்திருந்தவர்கள் கார்புரேட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு உங்களிடம் சரி பார்க்க உப்பளத்துக்கு வருவார்களே, அவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அது எனக்குத் தெரியும். சேகரை நிறுத்தச் சொல்லவில்லை. நான் சொன்னது உண்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம். போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். மகள் பிரான்சிலிருந்து வந்தாள். அடக்கம் முடிந்து நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, அந்த வண்டிய நீங்க எடுத்துக்குங்க. அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தாரு" என்றாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி நல்ல வண்டி, சீசனும் வந்துகொண்டிருந்தது. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

டேங்கைக் கழுவி, எண்ணெய் மாற்றி, புது பேட்டரி போட்டுக் கிளப்ப ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இருபது நிமிஷத்தில் நின்றதாம். "கார்ப்ரேட்டரு காலிம்மா. வெளிநாட்டுலேந்துதான் வரவழைக்கணும்." அவர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்கு நிதானம் வந்தது. விலை கேட்டால்தான் நான் யோசிக்கத் தொடங்குவேன், அது என் குணம்.

அப்போதுதான் டாஷ்போர்டில் கிடந்த உங்கள் சிவப்பு அட்டை நோட்டை எடுத்துப் படித்தேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடக் கையெழுத்தில் தமிழ். ஏழு எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு. ஒவ்வொரு முறை வண்டி நின்றதும் அதில் இருந்தது. எங்கே, எத்தனை நிமிஷத்தில், என்ன செய்தேன், எப்போது கிளம்பியது. பம்பு, குழாய், மிதவை, ஜெட் எதுவும் எனக்கு விளங்காது. நான் வேறு மாதிரி படித்தேன். பல கல்யாணத்தில் கரண்டி காணாமல் போனால் கரண்டியைத் தேட மாட்டேன். அந்த எல்லாக் கல்யாணத்துக்கும் வந்திருந்த ஆள் யார் என்று தேடுவேன். அப்படித்தான் தேடினேன். ஒரு நாள் ஃபில்டர், ஒரு நாள் ஈரச் சாக்கு, ஒரு நாள் ஜெட் என்று வைத்தியம் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் வரி மட்டும் ஒன்றே: "குச்சி விட்டுப் பார்த்தேன். நாலு விரல் இருக்கிறது." சில நாள் ஐந்து விரல்.

குச்சி எல்லாக் கல்யாணத்துக்கும் வந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் என் டிரைவர் முருகனை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கனகசெட்டிக்குளம் சாலைதான். காலாப்பட்டு தாண்டியதும் அதே குலுக்கல், அதே இருமல். நின்றது. முருகன் பெட்ரோல் அளவு பார்க்க டேங்க் பக்கம் போனான்.

"எதையும் தொடாத. ஒக்காரு."

"சும்மா ஒக்காந்தா வண்டி கெளம்புமாம்மா?"

"கெளம்புதா பாப்போம்."

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாவியைத் திருகினான். ஒரு நொடி உறுமி அணைந்தது. மறுபடி திருகினான். இல்லை. அப்புறம் நான் இறங்கிப் போய் மூடியை மெதுவாகத் திருகினேன். உஸ் என்று ஒரு சத்தம், முசியே. டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம். முருகனுக்கே கேட்டது. "அடடா!" என்றான். பானெட்டைத் திறக்கவில்லை. ஜெட்டைத் தொடவில்லை. சாவியைத் திருகியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

மூடியில் ஒரு காற்றுத் துளை உண்டாம். இதை எனக்கு முருகன்தான் சொன்னான். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் டேங்க் தன் பெட்ரோலைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு யானைப் பம்பாக இருந்தாலும் தோற்றுப்போகும். நீங்கள் சொன்னது சரி. பின்னால் ஒருத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நின்றதும் குச்சி விட மூடியைத் திறந்தீர்கள். அந்த நொடியே வண்டி குணமாகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் ஜெட்டுக்குப் பார்த்த வைத்தியமெல்லாம் ஆரோக்கியமான ஆளுக்குக் கொடுத்த மருந்து. அந்த உஸ் சத்தம் உங்கள் இடது காதுக்கு எட்டியிருக்காது. வலது காதுப் பக்கம் லாரியும் பஸ்ஸும். என் காது இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வண்டி நின்ற நேரத்திலெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே ரோட்டோரத்தில் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துளையே தெரியவில்லை. நகத்தால் தடவியபோது நடுவில் ஒரு பள்ளம் தட்டியது. வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றி அதன் முனையால் குத்தினேன். உங்கள் பாலிஷில் மேலே கறுத்துப்போய், உள்ளே மஞ்சளாக, ஒரு சிட்டிகை உதிர்ந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தேன். பெட்ரோலுக்கு நடுவிலும் தெரிந்தது. என் கடைப் பாக்கெட் வாசனை எனக்குத் தெரியாதா? துளைக்கு அந்தப் பக்கம் வானம் தெரியும்வரை குத்தினேன். அன்று எல்லை தாண்டி மரக்காணம்வரை போய்த் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தை அன்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன். கனகசெட்டிக்குளத்துக்கு அடுத்த நாள் எழுதியது.

"மொதலாளியம்மா சொன்னது சரியாக இருக்கலாம். ஜெட் துளையை நான்தான் பெரிதாக்கிவிட்டேனோ? எப்போது என்று ஞாபகம் வரவில்லை."

நான் அழுகிற ஆள் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் சாப்பிட்டேன், மறுநாளைக்கு நாற்காலி அனுப்ப வேண்டிய இடங்களைப் பார்த்தேன், படுத்தேன். காலையில் ஜெட்டைக் கழற்றச் சொல்லி, லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அதில் பொறித்த எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்கு உரிய கனமுள்ள அளவுக் கம்பியை உள்ளே விட்டார். போயிற்று. அதைவிட ஒரு நூல் கனமானதை விட்டார். நுழையவில்லை. இன்னொரு முறை விடுங்கள் என்றேன். நுழையவில்லை.

"புதுசுலேந்து இப்படியேதான் இருக்குதும்மா. யாரும் கை வெக்கல. ரொம்பப் பதனமா வெச்சிருந்திருக்காங்க. யாரு?"

"தெரிஞ்சவரு" என்றேன்.

சொன்ன இடத்திலேயே போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லவா? முதலில் சேகர். ஒரு மண்டபத்தில் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தான். முழுசாகச் சொன்னேன், ஊக்குவரைக்கும். கேட்டுவிட்டு, "யக்கா, அன்னைக்கு நாம பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கினு வேன எடுத்தப்போ இன்னா ஆச்சு தெரியுமா? கண்ணாடியில பாத்தேன். அவரு எல்லாத்தையும் மாட்டிட்டு சாவியத் திருப்பினாரு, வண்டி உடனே கெளம்பிடுச்சு. அவரு அப்படியே திரும்பி ஊருக்குப் போனாரு" என்றான்.

"ஏண்டா அப்பவே சொல்லல?"

"அப்ப ஒங்கள நடிச்சுக் காட்டினா எல்லாரும் சிரிச்சாங்கக்கா."

இனி அந்தக் கதையைச் சொல்வதானால் சந்தனத்தோடு சேர்த்துச் சொல், நான் பொட்டு வைத்ததையும் நடித்துக் காட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்கிறான். பழைய ஜீப் வைத்திருக்கும் ஒருவர் கடைக்கே வந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

தாய்மாமன் எண்ணும் என்னிடம் இருந்தது. வாடிக்கையாளர் எண்ணை நான் அழிப்பதில்லை. கூப்பிட்டேன். யாரென்று புரியவே அவருக்கு நேரமாயிற்று. "எந்த வண்டிம்மா? ஓ, அந்த ப்ளூ வண்டியா! நின்னுச்சா? படம் நல்லா வந்துச்சே" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை. அந்தச் சிரிப்பை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். நீங்கள்தான் அதை எடுத்து வைத்திருந்தீர்கள்.

கடைசியாக உங்கள் மகள். ஃபோனில் அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா உங்க மேல கோவமா இருந்ததே இல்ல ஆன்ட்டி. அவரு கை மேலதான் அவருக்குக் கோவம். கடைசில காபி கப்பப் பிடிக்கக்கூட யோசிப்பாரு."

ஃபோனை வைத்துவிட்டு, உங்கள் சிவப்பு நோட்டை எடுத்துப்போய் முருகனிடம் கொடுத்தேன்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. முருகன்தான் ஓட்டுகிறான். உங்கள் நோட்டில் தேதி போட்டு எழுதவும் சொல்லியிருக்கிறேன். அவன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரை யாரும் கழற்றுவதில்லை. கழற்ற வேண்டிய அவசியம் எப்போதுமே இருந்ததில்லை.

நேற்று ஆயுத பூஜை. மூடிக்குப் பொட்டு வைக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு வைத்தேன். துளையிலிருந்து ஒரு விரல் தள்ளி, லேசாக. வைத்து முடித்ததும் மனசு ஒப்பவில்லை. மூடியையே கழற்றிக் கடைக்கு எடுத்து வந்து, துளை திறந்துதான் இருக்கிறதா என்று ஊக்கை விட்டுப் பார்த்தேன். திறந்துதான் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முருகன் வந்து வாங்கிப்போய் மாட்டுவான், சாயங்காலம் சவாரி இருக்கிறது.

ஊக்கைத் துடைத்து மறுபடி வளையலில் மாட்டிக்கொண்டேன். கனகசெட்டிக்குளம் சாலையில் அன்று பெண்ணின் முந்தானையைக் குத்திய பிறகும், என் வளையலில் இன்னும் இரண்டு இருந்தன. உங்களைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தியபோது, அந்த மூடியிலிருந்து ஒரு முழ தூரத்தில் அவை ஆடிக்கொண்டிருந்தன.